கோடிட்ட இடம்

திண்டுக்கல் தையல்காரர் சிங்கராயர் எங்கேயும் இறங்கிப் போகாத ஆள். வசுமதி டீச்சர் அளவுக்குக் கொடுத்திருந்த, இறந்துபோன தன் அம்மாவின் ரவிக்கையை அவர் தொலைத்துவிட்டார். விஷயம் பரவி, வாடிக்கை குறைந்தது.

காஜா எடுக்கும் செல்வராணிதான் கடையின் வலைப்பூவையும் எழுதுபவள்.

"நம்ம மேல நம்பிக்கை வர்ற மாதிரி எழுது. மன்னிப்புங்கிற வார்த்தை மட்டும் வரக்கூடாது."

"வராது முதலாளி."

எழுதினாள்: "டீச்சர், ரவிக்கையைத் தொலைத்தது நாங்கள்தான். உங்களிடம் ________ கேட்கிறோம்."

பதிவைப் படித்தவர்களெல்லாம் கீழே அந்த வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் டீச்சரே வந்தார். "கோடிட்ட இடத்தை நீங்க நிரப்புங்க."

சிங்கராயர் தலைகுனிந்து நிரப்பினார். டீச்சர் புதுத்துணியை நீட்டினார்.

பழக்கதோஷத்தில் அவர் கேட்டுவிட்டார்: "அளவு ரவிக்கை கொண்டாந்தீங்களா?"

செல்வராணி இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.