வழிவிட்டானுக்கு வச்ச பொங்கல்

ஒரு ஊர்ல ஒரு தண்ணி வண்டிக்காரர் இருந்தாரு. காத்தமுத்துன்னு பேரு. கடலோரத்து ஊரு, கிணத்துல எல்லாம் உப்பு. நல்ல தண்ணி வேணும்னா தூரத்து ஊத்துக்குத்தான் போகணும். அவர்கிட்ட மயிலைன்னு ஒரு மாடு. ஒத்த மாடு, ஒத்த வண்டி, ஒரு பீப்பாய். டொளக் டொளக்னு தண்ணி ஆடிக்கிட்டே ஊருக்குள்ள வரும். ம் சொல்லு. நீ ம் சொன்னாதான் வண்டி நகரும்.

ம்... நகந்துருச்சு.

அந்த வருஷம் பாரு, அவருக்கு அடிமேல அடி. சித்திரையில விர்ர்ருன்னு ஒரு காத்து, கூரை பறந்து போயி பனைமரத்துல மாட்டிக்கிச்சு. அப்புறம் ஆடியில மயிலை படுத்துச்சு. படுத்தது எந்திரிக்கல. காத்தமுத்து மூணு நாளு சோறு திங்கல. அப்புறம் ஐப்பசியில ஊத்துக்கிட்ட தொபுக்கடீர்னு வழுக்கி, கால் மடக்குனு போச்சு.

"அப்போ வண்டியை யாரு இழுத்தா?"ன்னு கேளேன். கேக்கமாட்டியே!

மயிலை போன நாலாம் நாளு விடியக்காலையில வாசல்ல கிரீச் கிரீச்னு சத்தம். எட்டிப் பாத்தா, பக்கத்து வீட்டு வழிவிட்டான். நல்லா நெல்லுக் குதிர் மாதிரி பெருத்த ஆளு. நுகத்தடியைப் பிடரியில வச்சுக்கிட்டு நிக்கிறாரு. ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. "உன் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி எங்க வீட்டுல விழுது!" "உன் கோழி எங்க வீட்டைக் கிளறுது!" இதே சண்டைதான் நித்தமும்.

"என்னய்யா இது?"ன்னாரு காத்தமுத்து.

"உனக்காக ஒண்ணும் இல்ல. தொந்தி கரையணும்னு வைத்தியர் சொன்னாரு. பின்னாடி தள்ளு."

அன்னைலேர்ந்து மார்கழி வரைக்கும் அவருதான் இழுத்தாரு. கால் ஒடிஞ்சப்போ தள்ளக்கூட ஆளில்லாம தனியா இழுத்தாரு. தொந்தி மட்டும் கரையவே இல்ல!

அப்புறம் மார்கழி முடியப்போற நேரம். காத்தமுத்து குச்சி ஊனி வண்டி பின்னாடி நடக்க ஆரம்பிச்சிருந்தாரு. டீக்கடையில தண்ணி இறக்குறாங்க. கடைக்காரர் சும்மா இருக்காம, "வருஷம் எப்படிய்யா போச்சு?"ன்னுட்டாரு.

உடனே நம்ம ஆளு மூஞ்சியை இப்படித் தூக்கி வச்சுக்கிட்டு, "கூரை போச்சு, மாடு போச்சு, காலும் போச்சு. இந்த ஊர்ல எனக்குக் கை குடுக்க ஒரு நாதி இல்ல. இந்த வருஷத்துக்குப் பொங்கல் ஒரு கேடா? எங்க வீட்டுல இந்தத் தடவை பானையே ஏறாது"ன்னாரு.

முன்னாடி யாரு நிக்கிறா? நுகத்தடியோட வழிவிட்டான்!

அவரு நுகத்தடியைக் கீழ வச்சாரு. டொக். "நாளைலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்க." துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

அப்போதான் காத்தமுத்துக்குச் சுரீர்னுச்சு. போனதையே நினைச்சுக்கிட்டு, கண்ணு முன்னாடி நின்ன ஆளைப் பாக்காம விட்டுட்டோமே! வண்டி நின்னா நின்னுட்டுப் போகுது, மனுசன் முகத்தைத் திருப்பிக்கிட்டானே. வீட்டுக்கு வந்து சொன்னதும் அவரு சம்சாரம் இருளாயி, "போயி ரெண்டு நல்ல வார்த்தை சொல்லும். வாய் இருக்குல்ல?"ன்னுச்சு.

வாய் இருக்கு. வார்த்தை வரணுமே!

போகி அன்னைக்குப் போனாரு. கதவு தொறந்துச்சு. "அது வந்து... வழிவிட்டான்... உன் மரத்துக் கம்பளிப்பூச்சி இன்னும் விழுது."

படார்! கதவு சாத்தியாச்சு.

பொங்கல் அன்னைக்கு அவிச்ச பனங்கிழங்கு எடுத்துக்கிட்டுப் போனாரு. வழிவிட்டான் ஒண்ணைப் பிச்சுப் பாத்துட்டு, "நாரு. எங்க வீட்டுல நல்ல கிழங்கு இருக்கு"ன்னாரு. படார்!

அப்புறம் மாட்டுப் பொங்கல். தெருவெல்லாம் மாடு. கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு மாலை. காத்தமுத்து காலியான கொட்டில் வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. மாட்டுக்காரங்க யாரும் மாட்டுக்கிட்ட வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லல. குளிப்பாட்டுறாங்க, பொட்டு வைக்கிறாங்க, ஊட்டுறாங்க. அவ்வளவுதான். மாட்டுக்குப் புரியுது.

டக்குனு எந்திரிச்சாரு. "இருளாயி! பானையை ஏத்து!"

கொஞ்ச நேரங்கழிச்சு காத்தமுத்து போயி வழிவிட்டான் வீட்டுக் கதவைத் தட்டுறாரு. கதவு தொறந்ததுதான் தாமசம், சளார்னு ஒரு குடம் தண்ணி தலையில! அவரு கண்ணைத் துடைக்கிறதுக்குள்ள நெத்தியில சந்தனம், குங்குமம், கழுத்துல செவ்வந்தி மாலை. இருளாயி தட்டைத் தட்டுது, டங் டங் டங். "பொங்கலோ பொங்கல்! மாட்டுப் பொங்கல்!"

தெருவே கூடிருச்சு. வழிவிட்டான் மாலையைப் பாக்குறாரு, கூட்டத்தைப் பாக்குறாரு. "யோவ்! என்னை மாடுன்னா சொல்றே?"

காத்தமுத்து கையில ஒரு உருண்டை பொங்கல்.

"மாடுன்னு சொல்லலய்யா. எங்க மயிலைக்கு வருஷா வருஷம் நான் செஞ்ச மரியாதை இது. இதுக்கு மேல ஒரு மரியாதை எனக்குத் தெரியாதுய்யா. கை குடுக்க ஆளில்லன்னு சொல்லிட்டேன். நீ கழுத்தையில்ல குடுத்திருந்தே."

போன கூரை வரல. மயிலையும் வரல. ஆனா அந்த வருஷத்துல அவருக்கு என்ன வந்துச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அது எதுத்தாப்புல மாலையோட, சொட்டச் சொட்ட நின்னுக்கிட்டு இருந்துச்சு.

வழிவிட்டான் அந்த உருண்டையைப் பாத்தாரு. காத்தமுத்துவைப் பாத்தாரு. வாயைத் தொறந்து, ஆம்னு வாங்கி, மெதுவா அசை போட்டாரு. முழுங்கினாரு. அப்புறம் கழுத்தை நீட்டி, தெருவே அதிர...

"ம்ம்ம்மாஆஆ!"

சிரிச்சாங்க பாரு எல்லாரும்! காத்தமுத்து மட்டும் அழுதுக்கிட்டே சிரிச்சாரு.

அவ்வளவுதான் சாமி. கதையை அவுத்து விட்டாச்சு, அது படுத்துருச்சு. நீயும் கண்ணை மூடு.