மகுடத்தில் சிறைப்பட்ட நீலக்குருவிகள்

முன்னொரு காலத்தில், வெயில் நுழையக்கூட இடமில்லாத மழைக்காட்டு நாடு ஒன்று இருந்தது. அந்தக் காட்டில் கட்டைவிரல் அளவில் நீலக்குருவிகள் இருந்தன. கொசு, ஈ, வண்டு என்று பிடித்துத் தின்னும். மிச்ச நேரமெல்லாம் பாடும். அதனால் யாருக்காவது தொந்தரவா? கிடையவே கிடையாது!

ஆனால் ராஜா மகுடசேனனுக்கு அந்த நீலத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. மந்திரவாதி கருநாக்கனை ஏவினான். அவன் ஒரு ஊது ஊதினான். அத்தனை குருவிகளும் நீலக்கற்களாகி ராஜாவின் மகுடத்தில் போய் ஒட்டிக்கொண்டன. என்ன அநியாயம் பாருங்கள்!

பாட்டு நின்றது. பூச்சி பெருகியது. தினைக்கதிரை வண்டு தின்றது, மாட்டை ஈ தின்றது, தொட்டில் பிள்ளையைக் கொசு தின்றது.

தினை விதைத்துப் பிழைக்கும் பூவாயிக்கு ஒரே பெண் குழந்தை. காய்ச்சலில் அது அனலாய்க் கொதித்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, குருவிகளைத் திருப்பிக் கேட்க அரண்மனைக்கே வந்துவிட்டாள்.

வாசலில் நின்ற கருநாக்கன் சிரித்தான். "மந்திரம் உடைய வழி இருக்கிறது. குருவிகளை எடுத்தவன் முகத்துக்கு நேரே, அவன் யார் என்று மூன்று முறை சொல்லவேண்டும். இந்த நாட்டில் யாருக்கு அந்த வாய் இருக்கிறது?"

"எனக்கு இருக்கிறது. வழியை விடு!"

சபைக்குள் போனாள். "ராஜா, நீ திருடன்!"

மகுடம் நடுங்கியது. "இவள் நாக்கை அறுங்கள்!" என்று ராஜா கத்தினான். ஈட்டிகள் நீண்டன.

"நீ திருடன்!"

கற்களில் விரிசல் விழுந்தது. ராஜா குரலைத் தாழ்த்தினான். "பொறு தாயே. உன் பிள்ளைக்கு அரண்மனை வைத்தியரை அனுப்புகிறேன். வாயை மட்டும் மூடிக்கொள்."

பூவாயி குழந்தையைப் பார்த்தாள். கண்ணீர் முட்டியது. ஆசையும் முட்டியது. அப்புறம் கோபம் எல்லாவற்றையும் முந்திக்கொண்டது.

"என் பிள்ளைக்கு வைத்தியர், சரி. ஊர்ப் பிள்ளைகளுக்கு? கொசுவை வளர்த்துவிட்டு மருந்தைக் காட்டி மிரட்டுகிறாயா? நீ திருடன்!"

படீர்! கற்கள் வெடித்தன. குருவிகள் விர்ரென்று கிளம்பின. ஒன்று மட்டும் ராஜாவின் மூக்கில் உட்கார்ந்து திட்டித் தீர்த்துவிட்டுப் பறந்தது. வாசலிலிருந்து ஓடி வந்த கருநாக்கன் ஊதினான், ஊதினான், ஊதினான்; வெறும் காற்றுதான் வந்தது.

ஈட்டிக்காரன் ஒருவன் ஈட்டியைக் கீழே போட்டான். "என் வீட்டுத் தொட்டில் காலியாகிவிட்டது" என்றான். "இந்தம்மா சொன்னதுதான் நிஜம். இவன் திருடன்!"

சபையே எழுந்து கூவியது. ராஜாவும் மந்திரவாதியும் பின்வாசல் வழியாக ஓடியே போனார்கள்.

வைத்தியர் யாரும் ஏவாமலே வந்து குழந்தைக்குக் கஷாயம் புகட்டினார். ஊர்ப் பிள்ளைகளையும் தேடிப் போனார். குழந்தை கண் திறந்து பால் கேட்டது. தினை விளைந்தது, பூவாயி வாழ்ந்தாள்; கதை கேட்ட நீங்களும் வாய் திறந்து வாழுங்கள்!