முட்டிவலிக்காரங்க பாதை

ஒரு ஊர்ல, ஊருக்குப் பேரு ஆலங்குழி, அங்க சடச்சின்னு ஒரு பொம்பளை இருந்தாளாம். நல்ல கனத்த உடம்பு. அவ தெருவுல திரும்புறதுக்கு முன்னாடியே அவ மூச்சு வாங்குற சத்தம் வந்துருமாம். தண்ணிக்குப் போனா வழியில இருக்கிற எல்லா நிழல்லயும் ஒக்காந்து எந்திரிச்சுதான் வீடு வந்து சேருவா. சிரிக்காதீங்க, அவளுக்கு முட்டிவலி. வந்தவங்களுக்குத்தான் அது தெரியும்.

அந்த ஊரை ஒட்டி ஒரு காடு. சும்மா காடில்ல, ஆதிகாலத்துக் காடு. ஒரு மரத்தைக் கட்டிப் பிடிக்கணும்னா ஊரே கைகோத்து நிக்கணும். வெயில் தரையைத் தொட்டு எந்தக் காலமாச்சோ. அந்தக் காட்டுக்கு அந்தப் பக்கம் நெல்லியோடைன்னு இன்னொரு ஊரு. சடச்சி தன் ஒத்தை மக பவளத்தை அங்கதான் கட்டிக் குடுத்திருந்தா.

ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரே வழி, கழுத்தொடிச்சான் பாறை. பேரைக் கேட்டாலே தெரியுதுல்ல? நட்டமா ஏறணும், நட்டமா இறங்கணும். கால் திடமா உள்ளவங்க ஏறிப் போவாங்க. மத்தவங்களுக்கு டோலி. மூங்கில்ல கட்டி நாலு ஆளு தூக்குறது. அந்த டோலிக்குச் சொந்தக்காரன் கொண்டையப்பன். ஆளு தேங்காய் மாதிரி கொண்டை போட்டிருப்பான். தூக்குற ஆளுங்களுக்குக் கஞ்சித்தண்ணி, மிச்சமெல்லாம் அவன் வீட்டுக்கு. காட்டுக்குள்ள வழி இல்லையான்னு யாராச்சும் கேட்டா, உள்ள ஒரு பூதம் இருக்கு, நடந்து போறவங்களை மட்டும் புடிச்சுத் திங்கும், டோலியில போறவங்களைத் தொடாதுன்னு சொல்லுவான். ஊரும் நம்புச்சு.

அப்புறம் ஒருநாள் நெல்லியோடையிலேருந்து சேதி வந்துச்சு. பவளத்துக்கு மாசம் நிறைஞ்சுபோச்சு, தலைப்பிரசவம், அம்மா வேணும் அம்மா வேணும்னு அழுவுறான்னு. வயித்துப்புள்ளைக்காரி பாறை தாண்டி வர முடியாதே, அம்மாதான போகணும்? சடச்சி கொண்டையப்பன்கிட்டப் போனா. அவன் அவளை மேலயும் கீழயும் பாத்தான், சுத்தி வந்து பாத்தான், ரெண்டு ஆளு கனம் இருக்கா, அதனால அவ கறவை மாட்டைக் குடுத்தாத்தான் தூக்குவேன்னுட்டான். அண்ணே, பேறுகாலம் முடிஞ்சு வர்ற புள்ளைக்குப் பால் குடுக்க அந்த ஒரு மாடுதான் இருக்குன்னு கெஞ்சுனா. அப்ப நீயே நடந்து போன்னு கதவைச் சாத்திட்டான்.

சடச்சி காட்டோரத்துல ஒரு மரத்தடியில ஒக்காந்து அழுதா. அழுது முடிச்சு மூக்கைச் சிந்துறப்பதான் அவளுக்கு ஒண்ணு தோணுச்சு. இந்தக் காட்டுல இருக்கிற சீவனெல்லாம் இங்கேருந்து அங்க போகுது, அங்கேருந்து இங்க வருது. ஒண்ணாவது டோலியில போகுதா? இல்லையே. அப்ப வழி இருக்கு, கேட்டாச் சொல்லும். பூதம் வந்தா வரட்டும், என்னைத் தின்னு முடிக்கிறதுக்குள்ள அதுக்கு வாய் வலிச்சிரும்னு சேலையைச் சொருகிக்கிட்டு உள்ள போயிட்டா.

போனா, முதல்ல ஒரு கொரங்கு வந்துச்சு. எப்பா, நெல்லியோடைக்குச் சுளுவான வழி எதுன்னு கேட்டா. இது என்ன பெரிய காரியம், இந்தக் கொம்புல ஏறு, அந்தக் கொம்புக்குத் தாவு, வாலை அந்த விழுதுல சுத்திக்கோ, வந்துருச்சு ஊருன்னுச்சு கொரங்கு. சடச்சி ஒரு கொம்புல ஏறிப் பாத்தா. கொம்பு அவளையும் கூட்டிக்கிட்டுக் கீழ வந்துருச்சு.

அப்புறம் போனா, ஒரு காட்டுப்பன்னி வந்துச்சு. எப்பா, சுளுவான வழி எதுன்னு கேட்டா. தலையைக் குனி, பொதருக்குள்ள நுழை, நேராப் போன்னுச்சு பன்னி. சடச்சி நுழைஞ்சா. தலை நுழைஞ்சுச்சு, தோள் நுழைஞ்சுச்சு, அதுக்கு மேல நுழையல. பன்னி பின்னாடி நின்னு மூக்கால தள்ளித் தள்ளிப் பாத்து, இது ஆகாதுன்னு போயிருச்சு. அவ வெளிய வர்றதுக்குள்ள பாதிச் சேலை முள்ளுக்குப் போச்சு.

அப்புறமும் போனா, ஒரு கிழட்டு யானை வந்துச்சு. நாலு அடி வைக்கும், நிக்கும். பெருமூச்சு விடும், மறுபடி நாலு அடி வைக்கும். அந்த நடையைப் பாத்ததும் சடச்சிக்குத் தன் கூடப்பொறந்தவளையே பாத்த மாதிரி இருந்துச்சாம்.

"ஆத்தா, உனக்கும் முட்டிவலியா?"ன்னு கேட்டா.

யானை கண்ணு கலங்கிருச்சு. "இத்தனை வருசத்துல என்னை இந்தக் கேள்வி கேட்டது நீதான்டி மவளே. எனக்கு மட்டுமில்ல, எங்க அம்மாவுக்கும் வலி, அவங்க அம்மாவுக்கும் வலி. அதனால எங்க வழியில மேடே கிடையாது. பாறை வந்தா ஒதுங்குவோம், பள்ளம் வந்தா சுத்துவோம், நிழலா இருந்தா நிப்போம். தூரம் கூடுதல்தான். ஆனா வலிக்காது. என் பின்னாடி வா."

சடச்சி பின்னாடியே போனா. மெத்தை மாதிரி சருகு, அகலமான பாதை, அங்கங்க ஊத்துத் தண்ணி. யானை நின்ன எடத்துலயெல்லாம் இவளும் நின்னா. ரெண்டு பேரும் போற வழியெல்லாம் முட்டிக்கு என்ன தழை வச்சுக் கட்டலாம்னே பேசிக்கிட்டுப் போனாங்களாம். பொழுது சாயிறதுக்குள்ள நெல்லியோடை வந்துருச்சு. அம்மா முகத்தைப் பாத்ததுமே பவளத்துக்கு வலி எடுத்து, சடச்சி கையிலேயே பேத்தி பொறந்தா.

பவளம் ஒடம்பு தேறினதும், புள்ளையையும் மகளையும் கூட்டிக்கிட்டு அதே வழியில சடச்சி ஊருக்குத் திரும்பிட்டா. பூதமும் இல்ல ஒண்ணும் இல்லன்னு அவ சொன்னதும் ஊரே வாயைப் பொளந்துச்சு. அப்புறம் கேக்கணுமா? வருசக்கணக்கா அக்காளைப் பாக்காத தங்கச்சி போனா, சம்பந்தி வீட்டுச் சண்டையைப் பாதியில விட்டுட்டு வந்த கிழவி அதை முடிச்சுட்டு வரப் போனா, நொண்டித் தாத்தா சும்மாவே போயிட்டு வந்தாரு. டோலி காத்து வாங்குச்சு.

கொண்டையப்பனுக்கு வயிறு எரிஞ்சுச்சு. காட்டுப் பாதையில வண்டி வண்டியா முள்ளைப் போட்டு அடைச்சான். யானைங்க வந்து, அதைத் தும்பிக்கையால தூக்கி அந்தண்ட போட்டுட்டுப் போயிருச்சுங்க. அதுக்கு மேல அவன் ராசாகிட்டயே போயிட்டான். மகராசா, ஒரு குண்டுப் பொம்பளை திருடங்களுக்கு வழி தெறந்து விட்டுட்டா, அந்தக் காட்டை வெட்டிப் போடுங்க, பாறை வழிதான் பத்திரம், என் டோலி அரண்மனைப் பல்லக்கு மாதிரி போகும்னு சொன்னான். ராசா வெட்டச் சொல்றதுக்கு வாயெடுத்துட்டாரு. பக்கத்துல இருந்த ராணி, இவன் சொல்றதை மட்டும் கேட்டா எப்படி, நீங்க டோலியில போங்க, நான் அந்தப் பொம்பளை கூட நடந்து வர்றேன், பாத்துட்டு முடிவு பண்ணலாம்னாங்க.

சரின்னு ராசாவும் ராணியும் ஆலங்குழிக்கு வந்து அங்கேருந்து கெளம்புனாங்க. ராணியும் சடச்சியும் காட்டு வழியில போனாங்க. நிழல்ல ஒக்காந்தாங்க, நாவப்பழம் தின்னாங்க, நெல்லியோடைக்குப் போய்க் குளிச்சு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எந்திரிச்சாங்க. ராசா வரல. சாயங்காலமாத்தான் வந்தாரு. வர்றது ராசாதானான்னு ராணிக்கே சந்தேகம். ஏறும்போது தலை கீழ, கால் மேல. இறங்கும்போது டோலியை விட்டே வழுக்கி முன்னாடி போறவன் முதுகுல சவாரி. நெத்தியில கொழுக்கட்டை மாதிரி வீக்கம். தலைப்பாகை என்னாச்சுன்னு கேட்டா, வழியில ஒரு கொரங்கு வச்சிருக்காம்.

ராசா கொண்டையப்பனைக் கூப்பிட்டு, பல்லக்கு மாதிரி போகும்னு சொன்னியே, நீ என்னைக்காச்சும் இதுல ஒக்காந்து பாத்திருக்கியான்னு கேட்டாரு. அவன் இல்லைன்னு தலையை ஆட்டுனான்.

"அப்ப நாளைக்கு விடிஞ்சதுலேருந்து பொழுது சாயிற வரைக்கும் நீ ஒக்காரு. பாறை மேல ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கி, உன் ஆளுங்களே தூக்கட்டும்"னாரு.

டோலி தூக்குற நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ராவெல்லாம் சந்தோசத்துல அவங்களுக்குத் தூக்கமே வரலையாம்.

ராசா அந்தக் காட்டுல ஒரு மரத்தையும் யாரும் வெட்டக்கூடாதுன்னு தண்டோரா போட்டுட்டு, சடச்சி கூடவே நடந்து திரும்பிப் போயிட்டாரு. மறுநாள் கொண்டையப்பன் ஏறுனான், இறங்குனான். மெதுவாடா மெதுவாடான்னு கத்துனான். பாறைக்குப் பாறை அவன் குரல் கேட்டுச்சே தவிர, தூக்குறவங்க காதுல விழல. பொழுது சாயும்போது கொண்டை அவிழ்ந்து, இடுப்பு கழண்டு, நெல்லியோடைப் பக்கமா இறக்கிவிட்டாங்க. வீட்டுக்குப் போகணும், பாறை ஏற முடியாது. மறுநாள் காலையில ஒரு கம்பை ஊணிக்கிட்டுக் காட்டு வழியிலதான் வந்தான்.

வந்தா, முன்னாடி அந்தக் கிழட்டு யானை போகுது. நாலு அடி வைக்குது, நிக்குது. பெருமூச்சு விடுது, சாணி போடுது, மறுபடி நாலு அடி வைக்குது. யானையை முந்திப் போக முடியுமா? பின்னாடியே, மூக்கைப் பொத்திக்கிட்டு, அது நிக்கிறப்ப நின்னு, நடக்கிறப்ப நடந்து, ஊர் வரைக்கும் வந்தானாம்.

நாலு பேரு நிம்மதியாப் போற வழியை மறிச்சா இப்படித்தான் ஆகும். யானை காட்டுக்குத் திரும்பிருச்சு, கதை முடிஞ்சுபோச்சு, நீங்களும் காலை நீட்டிப் படுங்க.