நூறு வண்டி, நூறு இலை

ரொம்ப காலத்துக்கு முன்னால் கானல்நாட்டை வினோதவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். எதைப் பார்த்தாலும் ‘ஏன்?’ என்று கேட்பார். விடை கிடைக்காவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

தலைநகரிலிருந்து துறைமுகத்துக்குப் பெருஞ்சாலை போட அவருக்கு ஆசை. கஜானாவில்தான் அவ்வளவு பணமில்லை. தளவாய் இடும்பனார் ஒரு வணிகனைக் கூட்டிவந்தார். நிலம் அரசுடையது, செலவு வணிகனுடையது, இருபது வருஷச் சுங்கமும் அவனுக்கே என்று ஓலை எழுதினார்கள். கடைசி வரியைத் தளவாயே சொல்லி எழுதவைத்தார்: ‘நாளுக்கு நூறு வண்டி வராவிட்டால், குறைகிற வண்டிகளின் சுங்கத்தை அரண்மனை கொடுக்கும்.’

சாலை வந்தது. கருங்கல் தளம், சுங்கச்சாவடியில் யானை உயரத் தோரணம். ஆனால் வண்டிகளெல்லாம் பக்கத்துப் பழைய மண்பாதையிலேயே போயின.

“ஏன்?” என்றார் ராஜா.

“நல்லது தெரியாத ஜனங்கள், அரசே. பழைய பாதையை வெட்டிப்போட்டால் தானாக வருவார்கள்” என்றார் தளவாய்.

மண்வெட்டிகள் கிளம்புவதற்குள் உப்புவண்டி ஓட்டும் மருதாயி சபைக்கு வந்துவிட்டாள். “அந்தப் பாதை போச்சுன்னா எங்க பொழப்பே போச்சு, மகாராசா. வண்டிக்காரங்க ஏன் வரலைன்னு நான் காட்டறேன். மூணு நாளைக்கு அரண்மனைச் சமையலை எங்கிட்ட விடுங்க. சாலைக்கு எழுதுன ஓலை மாதிரியே எழுதிக் குடுங்க.”

“தோற்றால்?” என்றார் தளவாய்.

“என் ரெண்டு காளையும் உங்க தொழுவத்துக்கு.”

அந்தக் காளைகளை விட்டால் அவளுக்கு வேறு சொத்தே கிடையாது. ராஜாவுக்கோ ஆவல் தாங்கவில்லை. நாளுக்கு நூறு இலை, குறைகிற இலைகளுக்கும் அரண்மனையே கூலி தரும் என்று எழுதிக்கொடுத்தார்.

முதல் நாள் பட்டு விரிப்பும் வெள்ளிக் குத்துவிளக்குமாகப் பந்தி ஜொலித்தது. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்த அரண்மனை ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள். உப்பு விற்கிறவள் சமையலில் ஒரு கல் உப்பில்லை. மறுநாள் வந்தவர்கள் நான்கே பேர்.

“ஏன் வரவில்லை?” என்று ராஜா கேட்டார்.

“ருசி தெரியாத சனங்க, மகாராசா. அவங்கவங்க வீட்டு அடுப்பை அணைச்சுட்டா தானா வருவாங்க.”

அதையும் பார்த்துவிடலாமே என்று ராஜா உத்தரவு போட்டார். மூன்றாம் நாள் நூறு இலையும் நிரம்பின. தளவாய்க்கு முதல் கவளத்திலேயே விக்கல் எடுத்தது. தண்ணீர் கேட்டார்.

“தண்ணி வைக்கணும்னு ஓலையில இல்லீங்களே.”

தளவாய் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். “அரசே, வாயில் வைக்க முடியாததைப் போட்டுவிட்டு, வீட்டு அடுப்பையும் அணைத்தால் மனுஷன் எங்கே போவான்? இது எந்த ஊர் நியாயம்?”

“அதைத்தான் சாமி நாங்களும் கேக்கறோம்” என்றாள் மருதாயி. “நூறு பேர் வந்தாலும் ஒருத்தர் வராட்டியும் எனக்கு அதே கூலி. நான் எதுக்கு உப்புப் போடணும்? அந்தச் சாலையில காளைக்கு ஒரு தண்ணித் தொட்டி இல்ல, ஒதுங்க ஒரு மரம் இல்ல, கல்லு வெயில்ல காஞ்சு குளம்பு பொசுங்குது. வண்டி வராட்டியும் பணம் வரும்போது வணிகர் எதுக்குக் கிணறு வெட்டணும்?”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, அந்த ஓலையில் முத்திரை வைத்தது தன் கைதான் என்பது நினைவுக்கு வந்து வெட்கப்பட்டார். மறுநாளே வணிகனை அழைத்து அந்தக் கடைசி வரியை நீக்கினார். வண்டி வந்தால்தான் வருமானம் என்றானதும், ஒரே மாதத்தில் ஏழு கிணறும் பதினான்கு தொட்டியும் வந்தன. மரம் வளரும் வரைக்கும் கீற்றுப் பந்தலும் போட்டார்கள். அந்தக் கோடை முழுக்கத் தொட்டிகளுக்குத் தண்ணீர் இறைப்பது தளவாயின் வேலை.

“உனக்கு என்ன வேண்டும்? பொன்னா, நிலமா?” என்று ராஜா மருதாயியைக் கேட்டார்.

“பழைய பாதை தொறந்தே இருக்கட்டும், மகாராசா.”

“இனி எல்லோரும் புதுச் சாலையில்தானே போவீர்கள். பிறகு அது ஏன்?”

“அது இருக்கிற வரைக்கும்தான் இதுல தண்ணி இருக்கும்” என்று சொல்லிவிட்டு, அவள் காளைகளைப் பூட்டப் போனாள். அன்றைக்கு ராஜா வயிறாரச் சாப்பிட்டார்.