ஏழு பேர் கம்பெனி

செல்லக்கனிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுடைய குருவுக்கு முப்பது.

தாலுகா ஆபீஸ் எதிரே மனு எழுதிக் கொடுக்கிற ஜெபமணி டீச்சர்தான் குரு. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்தவள். அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் என்றாலும் செல்லக்கனி அங்கேதான் வந்து நிற்பாள்.

திங்கட்கிழமை வந்தாள்.

"இனிக் கூலிக்கு உப்பு வார்றதில்லன்னு முடிவு பண்ணிட்டோம் டீச்சர். ஏழு பொம்பளைங்க சேர்ந்து கம்பெனி வச்சு ஒரு உப்பளத்தைக் குத்தகைக்கு எடுக்கப் போறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஏழு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். இல்லன்னா அளம் வேற ஆளுக்குப் போயிரும்."

டீச்சர் பேர்களை எழுதிக்கொண்டே வந்தாள். ஆறு பேர் ஆயிற்று.

"ஏழாவது?"

"பேச்சியம்மா. உப்புப் பாத்தியை மிதிச்சுக் கெட்டிப்படுத்த அவளை மிஞ்ச ஆளில்ல." செல்லக்கனி குரலைத் தாழ்த்தினாள். "அவ பேரை மட்டும் ஒரு வரி விட்டு எழுதுங்க. அவ அந்தத் தெரு. ஒட்டி எழுதினா மத்தவங்க கையெழுத்துப் போட மாட்டாங்களாம்."

டீச்சர் பேனாவை மூடினாள்.

"கம்பெனின்னா என்னன்னு தெரியுமா அக்கா?"

"தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வாறேன்?"

"ரொம்பப் பழைய வெளிநாட்டுப் பாஷையிலிருந்து வந்த சொல். சேர்ந்து ரொட்டி தின்கிறவங்கன்னு அர்த்தம்."

"ரொட்டியா? அது காய்ச்சல்காரங்க திங்கிறதுல்லா?"

"நீங்க மத்தியானம் என்ன சாப்பிடுவீங்க?"

"கஞ்சிதான்."

"ஏழு பேரும் சேர்ந்தா?"

செல்லக்கனியோடு சேர்த்து ஆறு பேர் கொட்டகை நிழலில் உட்கார்வார்கள். பேச்சி வெயிலில், தூரத்து வரப்பில். இருபது வருஷமாக அப்படித்தான்.

டீச்சர் ஏழாவது பேரை எழுதாமலே தாளைக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் செல்லக்கனி தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தாள். பேச்சி பதறி எழுந்தாள்.

"எதுக்குக்கா இங்க வாறீக? வெயிலு."

"உனக்கு மட்டும் நிலாவா அடிக்கி? உட்காரு. உன் சட்டியில என்ன?"

"பழைய கஞ்சி. கருவாடு."

"ஊத்து."

தூக்குச்சட்டி மூடியை நீட்டினாள். பேச்சி ஊற்றினாள். செல்லக்கனி ஒரே மூச்சில் குடித்தாள். கஞ்சியில் உப்புக் குறைவு.

"உப்பளத்துக்காரி கஞ்சிக்கு உப்புப் போடத் தெரியலயே" என்றாள்.

பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கொட்டகையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "பெரியவளுக்குப் புத்தி பெரண்டு போச்சு."

செல்லக்கனி திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அந்தத் தாளோடு டீச்சர் முன்னால் வந்து நின்றாள். காலில் உப்புச் சேறு காய்ந்திருந்தது.

"இன்னைக்கும் அவகூடத்தான் சாப்பிட்டேன். ரெண்டு பேர் எந்திரிச்சு எங்ககூட வந்துட்டாங்க. மூணு பேர் முதுகைக் காட்டிக்கிட்டு இருக்காங்க. நானும் விடுறதா இல்ல டீச்சர். ஆனா நாள் இல்லையே. வெள்ளிக்கிழமை நெருங்கிருச்சே, என்ன செய்ய?"

டீச்சர் தாளை வாங்கி, ஆறாவது பேரை ஒட்டி ஏழாவது பேரை எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள இன்னும் ரெண்டு மத்தியானச் சாப்பாடு இருக்கே அக்கா."