பாறைமேல் நடந்த பள்ளிக்கூடம்

ஒரு காட்டில் படிப்பு என்றால் தடம் படிப்பதுதான். ஈர மண்ணில் பதிந்த காலடியைப் பார்த்ததும், போனது யார், எப்போது போனது என்று சொல்லத் தெரிய வேண்டும். தெரியாத குட்டி கோடையைத் தாண்டாது. ஏன் தெரியுமா, பிள்ளைகளே? கோடையில் ஆறு வற்றிவிடும். மானுக்கும் சிறுத்தைக்கும் குடிக்க ஒரே ஒரு மடுதான் இருக்கும்.

அங்கே ஒரு நீர்நாய் இருந்தது. அதற்கு விளையாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. குட்டிகளையெல்லாம் ஆற்றுச் சேற்றில் கூட்டிவைத்து, "எல்லாரும் கண்ணை மூடுங்க!" என்று கத்தும். ஒரு குட்டி மட்டும் சேற்றில் நடந்துபோய்ப் புதரில் ஒளிந்துகொள்ளும். மற்றவை கண்ணைத் திறந்து, தடத்தைப் பார்த்தே அதைப் பிடிக்க வேண்டும்.

"முயல்தான்! குதிச்சுப் போயிருக்கு!"

"எனக்குப் பயந்து ஓடியிருக்கு!"

ஒரே சிரிப்பு.

அந்தச் சிரிப்பு முள்ளம்பன்றிக்குப் பிடிக்கவில்லை. அது கண்டிப்புக்குப் பேர்போனது. முட்கள் சிலிர்க்க வந்து நின்றது.

"சிரிக்கிற வாய்க்குள்ளே படிப்பு எப்படி நுழையும்? உடம்பெல்லாம் சேறு! பெத்தவங்க யாரும் கேட்கிறதில்லையா?"

பெற்றவர்களில் முதலில் கேட்டது ஒரு புள்ளிமான். பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று அதற்கு எப்போதும் பதற்றம். தன் குட்டி தும்பையைச் சேற்றிலிருந்து இழுத்தது.

"ஒரு மாசமா வர்றா. ஒரு தடத்துக்காவது பாடம் ஒப்பிக்கத் தெரியுதா இவளுக்கு? போ இங்கிருந்து, வெட்டிப்பயலே!" என்று நீர்நாயைப் பார்த்துச் சீறியது.

மற்றப் பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். நீர்நாயை ஆற்றின் கீழ்ப்பக்கம் விரட்டிவிட்டார்கள்.

மறுநாளே முள்ளம்பன்றி பள்ளிக்கூடம் தொடங்கியது. எங்கே தெரியுமா? பாறைமேல்! சேறு படாத சுத்தமான இடமாம். எந்தக் காலும் பதியாத பாறையில் குட்டிகள் வரிசையாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு கத்தின.

"சிறுத்தைத் தடம் உருண்டை, நகம் பதியாது! செந்நாய்த் தடம் நீளம், நகம் பதியும்!"

தப்பினால் முள்ளால் ஒரு குத்து. தும்பை பத்தே நாளில் இருபது தடங்களை ஒப்பித்தது. தாய்மானுக்கு ஒரே பெருமை.

கோடை வந்தது. தாகத்தில் தும்பை தாயை முந்திக்கொண்டு மடுவுக்கு ஓடியது.

"நில்லுடி! தண்ணியிலே வாய் வைக்கிறதுக்கு முன்னாடி, என்ன தடம் இருக்குன்னு சொல்லு!" என்று பின்னால் வந்த தாய் கத்தியது.

தும்பை விறைப்பாக நின்றது. கண்ணை மூடியது. "சிறுத்தைத் தடம் உருண்டை, நகம் பதியாது..."

தாய் கிட்டே வந்து பார்த்தது. தும்பையின் குளம்பு ஓர் உருண்டைத் தடத்துக்குள் இருந்தது. அந்தத் தடத்தின் பள்ளத்தில் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. பதிந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

தாய்மான் குட்டியை முட்டித் தள்ளியது. "ஓடு!"

நாணல் பிளந்தது. சிறுத்தை பாய்ந்தது. ஒரு நகம் தாயின் பின்னங்காலைக் கிழித்தது. இரண்டும் ஓடின, ஓடின, பாறைக்கே வந்துவிட்டன. காயத்தைத் தாய் வெளியே சொல்லவில்லை. அத்தனை கோபம் அதற்கு.

"ஏன் இந்த இரைச்சல்? பாடத்தைத் தப்பாச் சொன்னாளா?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"ஒரு சொல்கூடத் தப்பலே!"

"அப்புறமென்ன? என் பாடத்திலே குறையில்லையே."

"சிறுத்தைத் தடத்துக்குள்ளே காலை வச்சுக்கிட்டே சொன்னா, வாத்தியாரே! கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னா! கண்ணை மூடப் பழக்கினது யாரு? நீ! உன்கிட்டே கொண்டுவந்து விட்டது யாரு? நான்! எனக்கு உன்மேலே பாதி, என்மேலே பாதி ஆத்திரம்!"

முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்தது.

தாய்மான் தும்பையைக் கூட்டிக்கொண்டு ஆற்றின் கீழ்ப்பக்கம் போனது.

"என்ன மானம்மா, வெட்டிப்பயலைத் தேடி வந்திருக்கே? பாறையிலே இடமில்லையா?" என்றது நீர்நாய்.

மான் தலைகுனிந்து நிற்க, நீர்நாயே மேலே பேசியது.

"உன்மேலே எனக்குக் கோபம் தீரலே. சீக்கிரம் தீரவும் தீராது. அதுக்குக் குட்டி என்ன பண்ணும்? தும்பை, கண்ணை மூடு. மானம்மா, சேத்துலே நட."

தாய் நடந்தது. தும்பை கண்ணைத் திறந்ததும் விறைத்து நின்று, "மான் தடம் பிளவு..." என்று ஆரம்பித்தது.

"ஒப்பிக்காதே. குனிஞ்சு பாரு."

தும்பை குனிந்தது. முகர்ந்தது. ஒவ்வொரு தடமாக மூக்கை வைத்துக்கொண்டே போனது. திடீரென்று நின்றது.

"மூணு காலு ஆழமா இருக்கு. ஒண்ணு மட்டும் மேலாகத்தான் பட்டிருக்கு." குட்டி நிமிர்ந்து தாயைப் பார்த்தது. "அம்மா, அந்தக் காலு உனக்கு வலிக்குதா?"

நீதி: பிஞ்சுப் பிள்ளைக்கு விளையாட்டே படிப்பு, அதைப் பிடுங்கினால் வாய் ஒப்பிக்கும், கண் திறக்காது.