கியர் மாறும் இடம்

மெஹராஜ் டீச்சரிடம் கார் ஓட்டக் கற்க வந்தவர்களிலேயே விசித்திரமானவர் பொன்னுரங்கம். அவருக்கு ஏற்கெனவே ஓட்டத் தெரியும். தெரியும் என்றால் சும்மா இல்லை. சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று பாதி இந்தியாவை லாரியில் அளந்தவர். டீச்சர் பிறப்பதற்கு முன்பே ஸ்டியரிங் பிடித்தவர்.

டீச்சரின் டிரைவிங் ஸ்கூல் அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. பக்கத்துக் காலி இடத்தில் அவர் கணவர் பழைய கார்களை வாங்கி விற்கிறார். ஊரில் ஓடுகிற எல்லா வகைக் காரும் என்றாவது ஒருநாள் டீச்சர் கைக்கு வந்துவிடும். ஒவ்வொன்றையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகுதான் விற்பனைக்கு நிறுத்துவார்கள். அந்த வட்டாரத்தில் டீச்சர் சரி என்று சொன்ன கியருக்கு மறுபேச்சு கிடையாது.

ஒரு காலையில் பொன்னுரங்கம் வந்து நின்றார்.

"ஒரே ஒரு கேள்விதான் டீச்சர். கேட்டுட்டுப் போயிடறேன்."

"கேளுங்கண்ணே."

"இப்ப வர்ற கார்ல கியர்லயே பல தினுசு இருக்குதாமே. எந்த தினுசுல கியர் மாறுறப்ப ஆட்டமே இருக்காது? அந்த வண்டி எனக்கு ஒரு நாளைக்கு வேணும்."

"யாருக்காக?"

"வீட்டுக்காரிக்கு. முதுகெலும்புல ஆபரேசன். அடுத்த வாரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னுட்டாங்க. வீடு ஏற்காட்டுல. சாஞ்சு உக்காந்து போலாம், ஆனா வண்டி தூக்கிப் போடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிசனா சொல்லிட்டாரு."

"ஆம்புலன்ஸ் இருக்கே?"

"மலையிலேர்ந்து அதுலதான் எறக்குனோம். ஒவ்வொரு வளைவுக்கும் அலறுனா. இனிமே அதுல ஏறவே மாட்டாளாம்."

"நீங்களே ஓட்டிட்டுப் போறதாச் சொன்னீங்களா?"

பொன்னுரங்கம் தரையைப் பார்த்தார்.

"சொன்னேன். அதுக்கு ஆம்புலன்சே தேவலைன்னுட்டா."

நானாக இருந்தால் சிரித்திருப்பேன். டீச்சர் சிரிக்கவில்லை.

"கல்யாணம் ஆன புதுசுல தவமணியை லாரில முன்னாடி உக்காரவெச்சு மாமனார் ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன் டீச்சர். அன்னிக்கு எறங்குனவதான். அப்புறம் எங்க போறதுன்னாலும் அவளுக்கு பஸ்சுதான். நான் ஓட்டுற வண்டில காலே வெச்சதில்ல. ஊர் ஊரா மூட்டையெல்லாம் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இவளை ஒரு வாட்டி சேர்க்கணும்."

சொல்லிவிட்டு, அந்தப் பெரிய உடம்புக்காரர் தோள் துண்டை எடுத்து நாலாக மடித்தார்.

டீச்சர் எழுந்து போய், ஸ்கூல் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏறிச் சாஞ்சுக்குங்க."

"நான் ஓட்டத் தெரிஞ்சவன் டீச்சர்."

"ஓட்டத் தெரியும்ணே. ஏறிப் போகத் தெரியுமா?"

பொன்னுரங்கம் யோசித்துப் பார்த்தார். கடைசியாகப் பின்சீட்டில் எப்போது உட்கார்ந்தோம் என்று அவருக்கு நினைவே வரவில்லை. முழங்காலை மடக்கி, பெருமூச்சு விட்டபடி ஏறினார்.

"கண்ணை மூடிக்குங்க. கியர் மாறுறப்பல்லாம் சொல்லுங்க."

கார் கோரிமேடு பக்கம் கிளம்பியது. கிளட்ச் மிதித்து, கையால் கியர் மாற்றுகிற சாதாரண வண்டிதான். பொன்னுரங்கம் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ரெண்டு... மூணு. இப்ப மூணுலதானே போறோம்?"

"நாலு."

பொன்னுரங்கம் சட்டென்று கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தார். லாரி என்ஜின் இருமினால்கூட எந்த கியரில் இருமுகிறது என்று சொல்லக்கூடியவர் அவர். அவர் காதுக்குத் தெரியாமல் ஒருவர் கியர் மாற்றிவிட்டார்.

"எப்ப டீச்சர் மாத்துனீங்க?"

"நீங்க மூணுன்னு சொல்லி வாயை மூடறதுக்குள்ள."

அன்று அவர்கள் ஒவ்வொரு வண்டியாக எடுத்தார்கள். பொன்னுரங்கத்துக்குப் பின்சீட்டு பழகிவிட்டது. கண்ணை அவராகவே மூடிக்கொண்டார்.

ஒரு வண்டி போன வேகம் தெரிந்தது, கியர் மாறியது தெரியவில்லை.

"இதுல ரெண்டு கிளட்சுண்ணே. ஒரு கவளம் வாய்க்குப் போறப்பவே அடுத்த கவளத்தை உருட்டி வெச்சுக்கும்."

"அடேங்கப்பா."

"ஆனா நெரிசல்ல ஊர்ந்து போறப்ப மட்டும் கொஞ்சம் தயங்கும்."

அடுத்தது சற்றுக் கனமான வண்டி. கியர் மாறுவது தெரிந்தது, ஆனால் உடம்பில் எங்கேயும் இடிக்கவில்லை.

"இதுல நடுவுல எண்ணெய் இருக்கு. என்ஜின் சுத்துறது எண்ணெய் வழியாத்தான் சக்கரத்துக்குப் போகுது."

"தோசை மாவுல கரண்டி போறாப்ல இருக்கு டீச்சர்."

"சரியாச் சொன்னீங்க."

அதற்கடுத்த வண்டியில் பொன்னுரங்கம் வெகுநேரம் பேசவில்லை. கோரிமேடு தாண்டி, அடிவாரம் வரை போய்த் திரும்பினார்கள்.

"என்னண்ணே, ஒண்ணும் சொல்லல?"

"மாறுனாத்தானே சொல்றதுக்கு?"

"மாறவே மாறாது. இதுல படியே கிடையாது. பெல்ட்டுதான். அடியிலேர்ந்து மேல வரைக்கும் ஒரே சரிவு."

பொன்னுரங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. கியர் ஒரு பல்லை விட்டு இன்னொரு பல்லைப் பிடிக்கிற சின்ன வேலை. அதற்குள் எத்தனை பேர் எத்தனை விதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்! முகம் தெரியாத அந்த மனிதர்களை எல்லாம் கும்பிட வேண்டும்போல இருந்தது அவருக்கு. எனக்கும் அப்படித்தான்.

கடைசி வண்டி சின்னது. அதிலும் கிளட்ச் மிதி கிடையாது. உள்ளே இருப்பது பழைய கியர் பெட்டிதான், கிளட்ச்சை மட்டும் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் அழுத்துகிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது வண்டி ஒரு நொடி இழுவையை விட்டுவிட்டு மறுபடி பிடித்தது. பொன்னுரங்கத்தின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. இரண்டிலிருந்து மூன்றுக்கும் அதே கதை.

"இது பூம்பூம் மாடு டீச்சர். வேண்டவே வேண்டாம். அந்தப் படியில்லாத வண்டியைக் குடுங்க."

"எடுத்து ஓட்டுங்க."

சொல்லிவிட்டு டீச்சர் பின்சீட்டில் ஏறிச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பொன்னுரங்கம் உற்சாகமாக ஓட்டினார். நெரிசலில் மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது, பிரேக்கை ஏறி மிதித்தார். வழி கிடைத்ததும் ஒரே அழுத்து. திரும்பி வந்து நிறுத்தியபோது டீச்சரின் முக்காடு நழுவித் தோளில் கிடந்தது.

"எப்படி டீச்சர்?"

"அண்ணே, இது கியரே மாறாத வண்டி."

"ஆமா."

"அப்ப என்னை இவ்வளவு நேரம் தூக்கித் தூக்கிப் போட்டது யாரு?"

பொன்னுரங்கம் தன் வலது காலைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் டீச்சர் அவர் கையில் கொடுத்தது பூம்பூம் மாட்டின் சாவியை.

"இதுவா?"

"இதுதான். நீங்க தப்பு பண்ணுனா இது உடனே தலையாட்டிச் சொல்லிடும். மத்ததெல்லாம் மரியாதைக்குச் சும்மா இருந்துடும்."

நாலு தெரு தாண்டுவதற்குள் பொன்னுரங்கத்துக்குக் கழுத்து வலித்தது. டீச்சர் பின்சீட்டிலிருந்து பேசினார்.

"அது மாறப்போறப்ப ஆக்சிலேட்டர்ல காலைக் கொஞ்சம் தளர்த்துங்க."

"எப்ப மாறும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்ஜின் சத்தத்தைக் கேளுங்க. மூச்சு முட்டுற மாதிரி வரும். அப்ப தளர்த்துங்க."

"கியர் மாத்துறது அது. நான் ஏன் தளரணும்?"

"அது மாறுற நேரத்துல நீங்க மிதிச்சுக்கிட்டே இருந்தா, எங்க போய் மாறும்?"

பொன்னுரங்கம் தளர்த்தினார். அதிகமாகிவிட்டது, வண்டி இழுக்காமல் தொங்கியது. அடுத்த முறை தாமதமாகிவிட்டது, தலையாட்டியது. அப்புறம் ஒருமுறை, கால் கட்டைவிரல் லேசாக எழுந்த அதே நொடியில் கியர் மாறியது. வண்டி தண்ணீரில் போவது போலப் போனது. பொன்னுரங்கம் வாய்விட்டு, "ஆத்தாடி!" என்றார்.

"லாரில நீங்க இதைத்தானேண்ணே செஞ்சிருப்பீங்க? பழைய லாரில கிளட்சை ரெண்டு தரம் மிதிச்சு, சத்தம் எறங்குறதுக்குக் காத்திருந்துதானே மாத்தணும்?"

"ஆமா டீச்சர். அவசரப்பட்டா உள்ள பல்லு உடைஞ்சிடும். முதலாளி தொலைச்சிடுவாரு. அந்தப் பயத்துல பதமா மாத்துவோம்."

"பயம் பல்லுக்குத்தானா?"

பொன்னுரங்கம் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போய், தவமணியிடம், "கலியாணம் ஆன புதுசுல உன்னை லாரில ரொம்பப் படுத்திட்டேன்," என்றாராம். மருந்து மயக்கத்தில் தாம்தான் எதையோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று அந்தம்மா நினைத்துக்கொண்டாராம்.

தினமும் காலையில் வந்தார். மலைச்சாலையின் முதல் சில வளைவுகள் வரை டீச்சரைப் பின்னால் வைத்துக்கொண்டு ஏறி இறங்கினார். ஏற்றத்தில் கியர் குச்சியைப் பக்கவாட்டில் தள்ளினால், எப்போது மாற வேண்டும் என்பதை ஓட்டுகிறவரே சொல்லலாம் என்று டீச்சர் காட்டிக்கொடுத்தார். வளைவுக்கு முன்பே கியரை இறக்கி, மெதுவாக நுழைந்து, நிமிர்ந்த பிறகு மிதிக்கப் பழகினார். அவ்வளவு அனுபவம் உள்ள மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும். என்னால் முடியாது.

தவமணியை வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. பொன்னுரங்கம் துவைத்த வேட்டியில், காலையிலேயே வந்து நின்றார்.

"படியில்லாத வண்டிச் சாவி குடுங்க டீச்சர்."

"அது நேத்து வித்துப்போச்சுண்ணே. எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். நான் இல்லாத நேரத்துல பார்ட்டி வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. தப்பு எங்க மேலதான்."

பொன்னுரங்கத்தின் முகம் வெளுத்தது.

"தோசை மாவு?"

"சர்வீசுக்குப் போயிருக்கு. ரெண்டு கிளட்ச் வண்டியும் முந்தாநாளே போயாச்சு."

மூலையில் பூம்பூம் மாடு மட்டும் நின்றது.

"அவ இன்னிக்கு வீட்டுக்குப் போறோம்னு விடியக்காலமே தலை வாரிக்கிட்டா டீச்சர். வேற நாள்னு எப்படிச் சொல்லுவேன்?"

"நான் ஓட்டுறேன். நீங்க அவங்க பக்கத்துல உக்காந்துக்குங்க. ஒரு ஆட்டம் இல்லாமக் கொண்டுபோய் விட்டுடறேன்."

டீச்சர் சொன்னபடியே கொண்டுபோய் விடுவார். அது பொன்னுரங்கத்துக்கும் தெரியும். தான் ஓட்டி, ஒரு வளைவில் கால் பிசகி, அவள் அலறிவிட்டால்? அவர் அந்தச் சின்ன வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் பொன்னுரங்கம் கையை நீட்டினார். டீச்சர் சாவியை அதில் வைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் தவமணியை இரண்டு நர்சுகள் மெல்லப் பிடித்து, சாய்த்து வைத்த முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். இடுப்புக்கும் கழுத்துக்கும் தலையணை வைத்தார்கள். தவமணி கணவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியை ஒரு கையாலும், சீட்டின் விளிம்பை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் கை நரம்பெல்லாம் தெரிந்தது.

"போலாமா தவமணி?"

அவள் உதடு எந்தச் சாமியையோ கூப்பிட்டது.

மறுநாள் காலையில் பொன்னுரங்கம் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். முகம் உம்மென்று இருந்தது. டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"என்னண்ணே ஆச்சு? அவங்களுக்கு ஏதும்..."

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. டாக்டர் சொன்னாப்ல படுத்துக்கிட்டு எல்லாரையும் வேலை வாங்குறா."

"அப்புறம் ஏன் இப்படி?"

"மனசு ஆறல டீச்சர். அடிவாரத்துலேர்ந்து வீட்டு வாசல் வரைக்கும் ஒரு கியர் தவறல. ஒரு வளைவுல தலையாட்டல. எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு. ஆனா அவ ஒரு வார்த்தை சொல்லல."

"என்ன சொல்லல?"

"நல்லா ஓட்டுனீங்கன்னு ஒரு வார்த்தை. வீட்டுக்குப் போயும் சொல்லல, காப்பி குடிச்சப்பவும் சொல்லல."

"வழியெல்லாம் கண்ணை மூடிக்கிட்டே வந்தாங்களா?"

"எங்க மூடுனா? முதல் வளைவு தாண்டுறவரைக்கும்தான் அது. அப்புறம் ஆரம்பிச்சா பாருங்க பேச்சு. பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி கோழி நம்ம மிளகுக்கொடியைக் கிளறிடுச்சாம். ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்காரி மருமகளைத் திட்டுனாளாம். அந்தம்மா எப்படித் திட்டுனா, மருமக எப்படி முகத்தைத் திருப்பிக்கிட்டான்னு நடிச்சே காட்டுறா. நான் இங்க ஒவ்வொரு கியருக்கும் உசுரைக் குடுத்துக்கிட்டு இருக்கேன்!"

"கைப்பிடியை விடாமத்தானே?"

"அதை எங்க பிடிச்சா? ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டில்ல கதை சொல்லிக்கிட்டு வந்தா."

டீச்சர் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினார்.

"ரெண்டு கையையுமா?"

"ஆமா டீச்சர்."

"அதுக்கு மேல வாயால வேற சொல்லணுமாண்ணே?"